மேட்ரிக்ஸ் தெரியாத தம்பியும், அணி தெரியாத நானும்

போன வருஷம், முதல் இன்டர்னல் முடிந்த அன்று ராத்திரி. ஹாஸ்டல் மெஸ்ஸில் எனக்கு எதிரே ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிடவே இல்லை.

"என்னடா, பேப்பர் கஷ்டமா?"

"மேத்ஸ்ல ஒண்ணுமே எழுதலண்ணா. மேட்ரிக்ஸ்னு முதல் யூனிட். அது எனக்குத் தெரியாதுண்ணா."

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். "இந்தா, அடைப்புக்குள்ள வரிசையா நம்பர் போட்டிருக்கு பாரு. இதான் மேட்ரிக்ஸ். பிளஸ் டூவுல வந்திருக்குமே?"

"அணி மாதிரி இருக்கேன்னு நானும் நினைச்சேன். ஆனா அதை என்ன பண்ணச் சொல்றாங்கன்னு புரியல. அணின்னா எனக்கு நல்லா வரும்ணா. அணிக்கோவை, நேர்மாறு, கிராமர் விதி எல்லாமே போடுவேன்."

இப்போ முழிக்கிறது என் முறை. "அணின்னா? கிரிக்கெட் அணியா?"

அவன் சிரித்துவிட்டான். அன்று அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தத் தம்பிக்கு ஊர் நெல்லிவாசல்நாடு. திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை மேலே இருக்கிறது. அங்கே 'நாடு' என்றால் தேசம் இல்லை. பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று பக்கத்துப் பக்கத்திலேயே மூன்று நாடுகள். கடைசி வரை தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. 2021-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பி.இ. சீட் கிடைத்து வந்தவன். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. ஆனால் பள்ளியில் அவன் படித்த கணிதத்துக்கும் இங்கே போர்டில் எழுதும் கணிதத்துக்கும் நடுவில் ஒரு பாலம் யாரும் போட்டுத் தரவில்லை.

நான் எல்.கே.ஜி. முதல் இங்கிலீஷ் மீடியம். எனக்கு எல்லாச் சொல்லும் தெரியும். ஆனால் அன்று அவன், "டிடர்மினன்ட்னா என்னண்ணா, அதை எதுக்குக் கண்டுபிடிக்கிறோம்?" என்று கேட்டபோது, குறுக்கே பெருக்கிக் கழிக்கிறதைத் தவிர எனக்கு வேறொன்றும் சொல்ல வரவில்லை. அவனுக்கு விஷயம் தெரியும், பெயர் தெரியாது. எனக்குப் பெயர் தெரியும், விஷயம் பாதிதான் தெரியும்.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு நோட்டில் எழுதிவந்ததைத்தான் இந்தக் கட்டுரையாகத் தருகிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்கணிதத்தின் முக்கியமான சொற்கள் இதில் இருக்கின்றன. நீங்கள் தமிழ் மீடியமாக இருந்தால் இங்கிலீஷ் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் மீடியமாக இருந்தால் தமிழ்ப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

ஒரு சின்ன ஏற்பாடு: எக்ஸ் போடும் இடத்தில் 'க' போடுகிறேன். எழுத்து எதுவாக இருந்தாலும் கணக்கு மாறாது.

தனித்தனியாகப் படிக்காதீர்கள், ஜோடியாகப் படியுங்கள்

எங்கள் நோட்டின் முதல் இரண்டு பக்கம் அகராதி மாதிரி இருந்தது. மனசில் நிற்கவே இல்லை. அப்புறம்தான் ஒன்று புரிந்தது. பரீட்சையில் நாம் தடுமாறுவது தெரியாத சொல்லில் இல்லை. பக்கத்துச் சொல்லோடு குழம்பிப்போகும் சொல்லில்தான். அதனால் குழம்பும் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன வித்தியாசம் என்று ஒரு வரி எழுத ஆரம்பித்தோம்.

1. கோவை, சமன்பாடு, முற்றொருமை

எக்ஸ்பிரஷன் என்பது கோவை. க² − 5க + 6 ஒரு கோவை. அதில் சமக்குறி இல்லை, ஆகவே 'தீர்க்க' ஒன்றுமில்லை. சுருக்கலாம், காரணிப்படுத்தலாம், க-வுக்கு ஒரு எண் போட்டு மதிப்புக் காணலாம்.

ஈக்வேஷன் என்பது சமன்பாடு. க² − 5க + 6 = 0. இது ஒரு கேள்வி: எந்த க-வுக்கு இது உண்மை? விடை 2, 3. வேறு எதற்கும் உண்மை இல்லை.

ஐடென்டிட்டி என்பது முற்றொருமை. (க + 2)² = க² + 4க + 4. இதில் க-வுக்கு எந்த எண்ணைப் போட்டாலும் உண்மை. முற்றும் ஒன்று, அவ்வளவுதான். 'தீர்க்க' என்றால் சமன்பாடு, 'நிறுவுக' என்றால் பெரும்பாலும் முற்றொருமை. கேள்வியின் வினைச்சொல்லே உங்களுக்குப் பாதி வழி காட்டிவிடும்.

2. மாறி, மாறிலி, கெழு

வேரியபிள் என்பது மாறி, கான்ஸ்டன்ட் என்பது மாறிலி. மாறுவது, மாறாதது. கோஎஃபிஷியன்ட் என்பது கெழு. 7க² என்ற உறுப்பில் க²-இன் கெழு 7. 'கெழுமு' என்றால் பொருந்து, சேர்ந்திரு. மாறியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எண் கெழு. க² − 5க + 6 என்பதில் க-வின் கெழு −5; வெறும் 5 இல்லை. ஃபைனல் இயரிலும் இந்தக் குறியைத் தவறவிடும் ஆட்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள், என்னையும் சேர்த்து.

3. அடுக்கு, படி

எக்ஸ்பொனன்ட் என்பது அடுக்கு, டிகிரி என்பது படி. 4க³ + 2க என்ற பல்லுறுப்புக்கோவையில் அடுக்குகள் இரண்டு: 3, 1. படி ஒன்றுதான்: 3. அதாவது ஒவ்வொரு உறுப்புக்கும் அடுக்கு உண்டு. மொத்தக் கோவைக்கும் சேர்த்து, இருப்பதிலேயே பெரிய அடுக்குதான் படி.

பாலினோமியல் என்ற பெயர் எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். பல்லுறுப்புக்கோவை என்று கேட்டபோதுதான் 'பல உறுப்பு' காதில் விழுந்தது. பைனோமியல் ஈருறுப்புக்கோவை, ட்ரைனோமியல் மூவுறுப்புக்கோவை. இருபடி, முப்படி என்றால் குவாட்ராட்டிக், கியூபிக். தமிழில் எண் வெளியிலேயே தெரிகிறது. 'குவாட்' என்றால் நாலாச்சே, குவாட்ராட்டிக்கில் படி ஏன் இரண்டு என்று எட்டாம் வகுப்பில் நான் குழம்பியிருக்கிறேன். அது லத்தீனில் சதுரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 'இருபடி' படித்தவனுக்கு அந்தக் குழப்பமே வராது.

4. பூச்சியம், மூலம், தன்மைகாட்டி

ஜீரோ என்பது பூச்சியம், ரூட் என்பது மூலம். கோவைக்குப் பூச்சியங்கள், சமன்பாட்டுக்கு மூலங்கள். எண்கள் அதேதான், கேட்கும் இடம் வேறு. வரைபடத்தில் அந்த எண்கள்தான் வளைவரை கிடை அச்சைத் தொடும் அல்லது வெட்டும் இடங்கள்.

டிஸ்கிரிமினன்ட் என்பது தன்மைகாட்டி. ப·க² + ம·க + ச = 0 என்ற சமன்பாட்டுக்கு அது ம² − 4·ப·ச. (ப, ம, ச மூன்றும் மெய்யெண்கள்.) பெயர் சொல்வதைச் செய்கிறது: மூலங்களைக் கண்டுபிடிக்காமலே அவற்றின் தன்மையைக் காட்டிவிடும். மிகை எண் வந்தால் இரண்டு வெவ்வேறு மெய் மூலங்கள். பூச்சியம் வந்தால் இரண்டும் சமம். குறை எண் வந்தால் மெய் மூலமே இல்லை. க² − 5க + 6-க்கு 25 − 24 = 1. க² + க + 1-க்கு 1 − 4 = −3; வளைவரை அச்சைத் தொடவே தொடாது.

5. சார்பு: மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம்

ஃபங்ஷன் என்பது சார்பு. இதைப் புரிந்துகொள்ள ஹாஸ்டலே போதும். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு அறை ஒதுக்குகிறார்கள். ஒருத்தனுக்கு இரண்டு அறை கிடையாது, யாரும் வராண்டாவில் படுப்பதும் கிடையாது. அப்போ அது ஒரு சார்பு.

மாணவர்களின் கணம் மதிப்பகம், அதாவது டொமைன். சில புத்தகங்களில் இதைச் சார்பகம் என்பார்கள். ஹாஸ்டலில் உள்ள எல்லா அறைகளும் துணை மதிப்பகம், அதாவது கோ-டொமைன். ஆள் இருக்கும் அறைகள் மட்டும் வீச்சகம், அதாவது ரேஞ்ச்.

ஒரு அறையில் ஒருத்தருக்கு மேல் இல்லை என்றால் ஒன்றுக்கொன்றான சார்பு, இங்கிலீஷில் ஒன்-ஒன். காலி அறையே இல்லை என்றால் மேல் சார்பு, ஆன்டூ. இரண்டும் சேர்ந்தால் இருபுறச் சார்பு, பைஜெக்ஷன். அப்போதுதான் நேர்மாறு, அதாவது இன்வர்ஸ் கிடைக்கும். யோசித்துப் பாருங்கள்: வார்டன் அறை எண்ணைச் சொல்லி "இது யார் ரூம்?" என்று கேட்டால், ஒரே ஒரு பெயர் விடையாக வர வேண்டும். மூணு பேர் தங்கும் அறையென்றால் எந்தப் பெயரைச் சொல்வது? காலி அறையென்றால் யாரைச் சொல்வது?

6. அடுக்கு, மடக்கை

லாகரிதம் என்பது மடக்கை. ஒரு பேப்பரைப் பாதியாக மடக்குங்கள், 2 அடுக்கு. இன்னொரு முறை மடக்குங்கள், 4. அஞ்சு முறை மடக்கினால் 32. "அஞ்சு மடிப்புக்கு எத்தனை அடுக்கு?" என்றால் 2⁵ = 32. "32 அடுக்கு வர எத்தனை மடிப்பு?" என்றால் அதுதான் மடக்கை: அடிமானம் 2-க்கு 32-இன் மடக்கை 5. சொல் பிறந்த கதை இதுதான் என்று நான் சொல்லவில்லை. நினைவில் வைக்க வசதி, அவ்வளவே. அடிமானம் என்பது பேஸ். இங்கே ஒவ்வொரு மடிப்பும் இரட்டிப்பாக்குகிறது, அதனால் அடிமானம் 2.

7. தொடர்வரிசை, தொடர்

சீக்வென்ஸ் என்பது தொடர்வரிசை. பிளஸ் ஒன்னில் தொடர்முறை என்றும் வரும். சீரிஸ் என்பது தொடர். 3, 7, 11, 15 என்று காற்புள்ளி போட்டு நிறுத்தினால் தொடர்வரிசை. 3 + 7 + 11 + 15 என்று கூட்டினால் தொடர், கூடுதல் 36. ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத் தொடர்வரிசை, அதாவது ஏ.பி. ஒரே எண்ணால் பெருக்கிக்கொண்டே போனால் பெருக்குத் தொடர்வரிசை, ஜி.பி. ஏ.பி. என்ற சுருக்கம் எனக்கு ஒன்றும் சொல்லாது. 'கூட்டு', 'பெருக்கு' என்றாலே என்ன செய்வதென்று தெரிந்துவிடும்.

8. வரிசைமாற்றம், சேர்மானம்

பெர்முடேஷன், காம்பினேஷன். அஞ்சு பேரில் தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்ந்தெடுக்க 5 × 4 × 3 = 60 வழிகள். யார் எந்தப் பதவி என்பது முக்கியம், ஆகவே வரிசைமாற்றம். அதே அஞ்சு பேரில் மூணு பேரைக் கோலம் போட அனுப்ப 10 வழிகள்தான். யாரை முதலில் கூப்பிட்டோம் என்பது பொருட்டில்லை, ஆகவே சேர்மானம். ஒவ்வொரு மூவரையும் 3 × 2 × 1 = 6 விதமாக வரிசைப்படுத்தலாம் என்பதால் 60-ஐ 6-ஆல் வகுக்கிறோம். அந்த 3 × 2 × 1-தான் காரணீயப் பெருக்கம், ஃபேக்டோரியல். "வரிசை மாறினால் வழி மாறுமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தக் கேள்வி 'வரிசைமாற்றம்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

9. கலப்பெண்: மட்டு, வீச்சு, இணை

காம்ப்ளெக்ஸ் நம்பர் என்பது கலப்பெண். 3 + 4ஐ என்று எழுதுகிறேன்; இதில் ஐ² = −1. மெய்ப்பகுதி 3, கற்பனைப் பகுதி 4. இரண்டும் கலந்தது கலப்பெண். 'காம்ப்ளெக்ஸ்' என்றால் சிக்கல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பல பகுதிகள் சேர்ந்தது என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்கு உண்டு. தமிழ்ச் சொல் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது.

மாடுலஸ் என்பது மட்டு: ஆதிப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம். இங்கே 5. ஆர்க்யுமென்ட் என்பது வீச்சு: எந்தக் கோணத்தில். கான்ஜுகேட் என்பது இணை: 3 − 4ஐ. எண்ணையும் அதன் இணையையும் பெருக்கினால் 25, அதாவது மட்டின் வர்க்கம்.

10. அணி, அணிக்கோவை

கடைசியில், சண்டை தொடங்கிய இடத்துக்கே வருகிறோம்.

பொங்கல் லீவில் தம்பி என்னை அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். திருப்பத்தூரிலிருந்து பஸ், வளைவுக்கு மேல் வளைவு. அங்கே சாமையும் புளியும் சகஜம். திண்ணையில் உட்கார்ந்துதான் எனக்கு அணிக்கோவை புரிந்தது.

இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் 40 கிலோ சாமை, 10 கிலோ புளி விற்றார்கள். இரண்டாவது வீட்டில் 25 கிலோ சாமை, 20 கிலோ புளி. எழுதினால்:

நிரை 1: 40, 10
நிரை 2: 25, 20

இதுதான் அணி. எண்கள் அணிவகுத்து நிற்கின்றன. இதற்கு மதிப்பு என்று ஒன்று கிடையாது. இது ஒரு பட்டியல்.

படுக்கையாகப் போவது நிரை, ரோ. செங்குத்தாக இறங்குவது நிரல், காலம். குழப்பமா? 'நிகழ்ச்சி நிரல்' எப்படி எழுதுவோம்? மேலிருந்து கீழே. அதுதான் நிரல். தம்பி சொல்லிக்கொடுத்தது இது.

சாமை கிலோ 50 ரூபாய், புளி கிலோ 100 ரூபாய் என்றால் முதல் வீட்டுக்கு 3,000. இரண்டாவது வீட்டுக்கு 3,250. இப்போ தலைகீழாகக் கேளுங்கள். விலை தெரியாது, இரண்டு வீட்டுக்கும் வந்த பணம் மட்டும் தெரியும். விலையைக் கண்டுபிடிக்க முடியுமா?

அதைச் சொல்லும் ஒற்றை எண்தான் அணிக்கோவை, டிடர்மினன்ட். 40 × 20 − 10 × 25 = 550. பூச்சியம் இல்லை, ஆகவே முடியும், விடையும் ஒன்றே ஒன்றுதான்.

இரண்டாவது வீடு முதல் வீட்டைப்போல அப்படியே இரண்டு மடங்கு விற்றிருந்தால்? 80 கிலோ, 20 கிலோ. அணிக்கோவை 40 × 20 − 10 × 80 = 0. விலையைக் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் இரண்டாவது நிரை புதுசாக எதையும் சொல்லவில்லை. பணமும் இரட்டிப்பாக வந்திருக்கும், அவ்வளவுதான். உண்மையில் புதுத் தகவல் தரும் நிரைகள் எத்தனை என்பதுதான் அணித்தரம், ரேங்க். முதல் அணிக்கு 2, இந்த அணிக்கு 1. இப்படி அணிக்கோவை பூச்சியமாகும் சதுர அணிக்கு நேர்மாறு கிடையாது. சிங்குலர் மேட்ரிக்ஸ் என்று நாம் மனப்பாடம் செய்வது இதைத்தான். தமிழ்ப் புத்தகத்தில் அதன் பெயர் பூச்சியக்கோவை அணி. காரணம் பெயரிலேயே இருக்கிறது.

மூணு வருஷமாக நான் போட்ட கணக்கு அது. என்ன கேட்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

கால் வழுக்கும் இரண்டு இடங்கள்

தமிழ்ச் சொல் எல்லாம் தெளிவு, இங்கிலீஷ் எல்லாம் குழப்பம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் பள்ளம் உண்டு.

'ஐடென்டிட்டி' என்ற ஒரே இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழில் இடத்துக்கு ஒரு பெயர். சமன்பாடுகளில் முற்றொருமை. அணிகளில் அலகு அணி. சார்புகளில் சமனிச் சார்பு. ஈருறுப்புச் செயலில் சமனி உறுப்பு. தமிழ் மீடியம் நண்பர்களே, கல்லூரியில் இந்த நாலும் ஒரே பெயரில் வரும். இடம் பார்த்துப் பிரியுங்கள்.

தமிழில் 'வீச்சு' அதே வேலையைச் செய்யும். கலப்பெண்ணில் வீச்சு என்றால் கோணம். புள்ளியியலில் பெரிய மதிப்புக்கும் சிறிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். இயற்பியலில் அலையின் ஆம்ப்ளிட்யூட். சார்பில் வருவதோ வீச்சகம். இங்கிலீஷ் மீடியம் ஆட்கள் தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டும்போது இதில் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

கடல் தாண்டினால் பெயர் மாறும்

இணையத்தில் தமிழில் கணித வீடியோ தேடினால் இலங்கை ஆசிரியர்களின் பாடங்கள் நிறைய வரும். அங்கே ஏ.எல். மாணவர்கள் 'இணைந்த கணிதம்' என்ற பாடத்தைத் தமிழிலேயே படிக்கிறார்கள். அருமையாகச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் பெயர்கள் வேறு: கலப்பெண் அங்கே சிக்கலெண், பல்லுறுப்புக்கோவை பல்லுறுப்பி, கெழு குணகம், அசமன்பாடு சமனிலி, அணி தாயம், அணிக்கோவை துணிகோவை, இயற்கணிதம் அட்சரகணிதம். முதலில் 'தாயம்' என்று கேட்டு நான் பகடையைத் தேடினேன். மேட்ரிக்ஸ் என்ற சொல்லை 1850-இல் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். லத்தீனில் அது தாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, கருப்பை என்று பொருள். தாயம் என்ற சொல்லுக்குள்ளும் தாய் இருக்கிறாள்.

எந்தச் சொல்லும் வானத்திலிருந்து விழவில்லை. அல்ஜீப்ரா என்பதே அரபு. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் இருந்த 'அல்-ஜப்ர்' அது. உடைந்ததைச் சேர்ப்பது என்று பொருள். அவர் பெயர்தான் நாம் தினமும் சொல்லும் அல்காரிதம். இங்கிலீஷும் கடன் வாங்கித்தான் பேசுகிறது. தமிழிலும் ஆட்கள் உட்கார்ந்து யோசித்துத்தான் சொல் செய்தார்கள். 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் படிப்பது இங்கிலீஷில்தான். அதனால் இரண்டு கரையையும் தெரிந்துவைப்பதுதான் நடைமுறைக்கு உதவும்.

பாலம் வேலை செய்கிறதா? ஒரு கணக்கு

தம்பி முதல் இன்டர்னலில் தொடாமல் விட்டது இந்த மாதிரிக் கேள்வி: நிரை 1-இல் 4, 1, நிரை 2-இல் 2, 3 உள்ள மேட்ரிக்ஸுக்கு கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் எழுதி ஐகன்வேல்யூ கண்டுபிடி.

பள்ளியில் இல்லாத சொற்கள் இரண்டுதான். ஐகன் என்பது ஜெர்மன் சொல். 'தனக்கே உரிய' என்று பொருள். கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் என்பது சிறப்பியல்புச் சமன்பாடு: முதன்மை மூலைவிட்டத்தில் உள்ள எண்களிலிருந்து க-வைக் கழித்து, அணிக்கோவையைப் பூச்சியத்துக்குச் சமன்படுத்து. இதை மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவனே எழுதினான்.

(4 − க)(3 − க) − 1 × 2 = 0
க² − 7க + 10 = 0
(க − 5)(க − 2) = 0

இருபடிச் சமன்பாடு, மூலங்கள் 5, 2. "இவ்ளோதானாண்ணா?" என்று கேட்டான். ஆமாம்டா, இவ்ளோதான். அவனுக்குத் தெரியாத கணிதம் அதில் ஒரு வரிதான் இருந்தது. அந்த ஒரு வரிக்காகக் கேள்வி முழுசையும் விட்டுவிட்டு வந்திருந்தான்.

அடுத்த இன்டர்னலில் அவன் முதல் மார்க் எடுத்தான் என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும். எடுக்கவில்லை. பாஸ் ஆனான். கால்குலஸ் யூனிட்டில் மறுபடியும் சொல் தட்டியது, மறுபடியும் நோட்டில் எழுதினோம். அரியர் இல்லாமல் செமஸ்டர் முடித்தான்.

நீங்கள் செய்யக்கூடியது

ஒரு நோட்டு எடுங்கள், பக்கத்தை நாலு நிரலாகப் பிரியுங்கள். முதலாவதில் தமிழ்ச் சொல். இரண்டாவதில் இங்கிலீஷ் பெயர், காதில் விழுகிற மாதிரி தமிழ் எழுத்தில். லெக்சரில் அது காதில்தான் முதலில் வந்து சேரும். மூன்றாவதில் அதோடு குழம்பும் பக்கத்துச் சொல். நாலாவதில் நீங்களே செய்த ஒரு சின்ன உதாரணம். அர்த்தம் என்று எதையும் எழுதாதீர்கள். உதாரணம் சரியாக இருந்தால் அர்த்தம் புரிந்துவிட்டது என்று பொருள். ஒரு நாளைக்கு மூணு சொல் போதும். பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்கள் இரண்டு மீடியத்திலும் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன. ஒரே அத்தியாயத்தை இரண்டிலும் திறந்துவைத்துப் பக்கத்துக்குப் பக்கம் பாருங்கள். அதைவிட நல்ல அகராதி கிடையாது.

சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஹாஸ்டலிலும் "எனக்கு அது தெரியாதுண்ணா", "தெரியாதுக்கா" என்று சொல்லும் ஜூனியர் ஒருத்தர் இருப்பார். உடனே பாடம் நடத்த ஆரம்பிக்காதீர்கள். "உங்க புக்ல இதுக்கு என்ன பேரு?" என்று முதலில் கேளுங்கள். பாதி நேரம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

நெல்லிவாசல்நாட்டிலிருந்து கிளம்பும்போது தம்பியின் தங்கச்சி அந்த நோட்டை வாங்கிப் பார்த்தாள். பிளஸ் ஒன், கணிதம்-உயிரியல் குரூப். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். ரொம்ப நேரம் புரட்டிவிட்டு, "இதை நான் எழுதிக்கலாமாண்ணா?" என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

இப்போ எங்களிடம் இருப்பது இரண்டாவது நோட்டு. அதில் முதல் பக்கத்தில், முதல் நிரலில், தம்பி எழுதியிருக்கும் சொல்: அணி. இரண்டாவது நிரலில் நான் எழுதியது: மேட்ரிக்ஸ்.